மூணரை மணி நேரம்னு சொன்னேன்... முப்பத்துமூணரை ஆச்சு!



போன வாரம் இதே பக்கத்துல 'லேப் ரெக்கார்டை ஒரே ராத்திரியில் முடிப்பது எப்படி?'ன்னு வீர தீரமா எழுதினேன். அதைப் படிச்சுட்டு எங்க டிபார்ட்மென்ட்ல எனக்கு மட்டும் ரெண்டு ரெக்கார்டைத் திருப்பி எழுதச் சொல்லிட்டாங்க. பொது வாழ்க்கைன்னு வந்துட்டா இதெல்லாம் சகஜம் பாஸ்!

இந்த வாரம் காமெடி கொஞ்சம் கம்மி. நான் வாங்கின ஒரு பல்பு பத்தின மேட்டர். வழக்கமா நாம பல்பு வாங்கினா நமக்குத்தான் அசிங்கம். இந்தத் தடவை நான் வாங்கின பல்புக்காக, 2,600 கிலோமீட்டர் தள்ளி ஒரு அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல ஒரு நாள் முழுக்கக் காத்துக்கிட்டு நின்னாங்க.

மூணாவது வீட்டு அண்ணா

எங்க வீடு 15 வேலம்பாளையம் பக்கம். (திருப்பூர்க்காரங்களுக்கு விளக்கம் தேவையில்ல. மத்தவங்களுக்கு: 15-ங்கறது டோர் நம்பர் இல்ல, ஊர்ப் பேரே அப்படித்தான்!) அப்பா ஒரு பனியன் கம்பெனியில கட்டிங் மாஸ்டர். வீட்டுக்குப் பின்னால வரிசையா ஆறு லைன் வீடு. அதுல மூணாவது வீட்டுல இருக்கறவர்தான் 'அஸ்ஸாம் அண்ணா'. எங்க தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி கைமடியா வந்தவர், இன்னிக்கு அப்பா கம்பெனியில ஓவர்லாக் டெய்லர். காலையில எட்டரைக்குப் போனா ராத்திரி எட்டரை. ஒன்றரை ஷிஃப்ட். சனிக்கிழமை சம்பளம், ஞாயித்துக்கிழமை துணி துவைச்சு மீன் வாங்கி ஒரு குழம்பு. எங்கம்மாவுக்கு அதுல ஒரு கிண்ணம் கட்டாயம் வந்துடும். 'சாப்டாச்சா தம்பி?'ங்கறதை நம்ம ஊர் ஸ்லாங்லயே கேப்பார்.

அவர்கிட்ட ஒரு விசேஷம்... அலாரமே வைக்காம விடியக்காலம் நாலரைக்கெல்லாம் எழுந்துடுவார். "என்னண்ணா, தூக்கமே வராதா?"ன்னு கேட்டா, "எங்க ஊர்ல இந்நேரம் வெளிச்சம் வந்துடும் தம்பி"ம்பார். நான் அதை ஏதோ கிராமத்துப் பழக்கம்னு நினைச்சுட்டேன். அதுக்குள்ள ஒரு கணக்கு இருந்தது பின்னாடிதான் தெரிஞ்சது.

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அவருக்கு ஃபோன். அவங்க அப்பாவுக்கு ரொம்ப முடியல, திப்ருகர்ல ஒரு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. மனுஷன் போனைக் கையில வெச்சுக்கிட்டே எங்க வாசல் படியில உக்காந்துட்டார். அப்பா தோளைப் புடிச்சுக்கிட்டார், அம்மா தண்ணி கொடுத்தாங்க. அண்ணா என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"தம்பி, நீ இன்ஜினீயர்தானே... பிளேன்ல போனா எவ்ளோ நேரம்?"

கட்டிங் சார்ட்டுக்குப் பின்னால ஒரு கணக்கு

அவ்வளவுதான்! நமக்கு உள்ளே இருந்த விஞ்ஞானி முழிச்சுக்கிட்டான். அப்பாவோட கட்டிங் சார்ட் ஒண்ணு டேபிள்ல கிடந்தது. அதைத் திருப்பிப் போட்டு ஆரம்பிச்சேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க, ப்ளஸ் டூ கணக்குதான்.

நமக்குப் பக்கத்து ஏர்போர்ட் கோவை பீளமேடு. அது இருக்கறது வடக்கு அட்சரேகை 11.03, கிழக்கு தீர்க்கரேகை 77.04. திப்ருகரோட ஏர்போர்ட் பேரு மோகன்பாரி. அது 27.48, 95.02. ரெண்டுக்கும் அட்சரேகை வித்தியாசம் 16.45 டிகிரி. ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். ஆக, வடக்கே 1,826 கிலோமீட்டர்.

அடுத்து கிழக்கே. தீர்க்கரேகை வித்தியாசம் 17.98 டிகிரி. ஆனா இங்க நேரா 111-ஆல பெருக்கினா மார்க் போயிடும். பூமத்திய ரேகையிலேருந்து மேலே போகப் போக தீர்க்கரேகைக் கோடுகள் ஒண்ணோட ஒண்ணு நெருங்கிக்கிட்டே போகும். அதனால, நடுவுல இருக்கற அட்சரேகையோட காஸ் மதிப்பால பெருக்கணும். காஸ் 19.25 டிகிரின்னா 0.944. கணக்குப் பண்ணினா 1,884 கிலோமீட்டர்.

இனி நம்ம பழைய நண்பர் பிதாகரஸ்! ரெண்டையும் வர்க்கப்படுத்தி, கூட்டி, வர்க்கமூலம் எடுத்தா 2,624 கிலோமீட்டர். பூமி உருண்டைங்கறதை முழுசாக் கணக்குல எடுத்துக்கற ஃபார்முலாவுல போட்டா 2,621. வெறும் மூணு கிலோமீட்டர்தான் வித்தியாசம். சும்மா சொல்லக் கூடாது, கணக்கு ஜோர்!

ஜெட் விமானம் மணிக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல போகும். ஏறவும் இறங்கவும் கொஞ்சம் சேர்த்துக்கிட்டா...

"மூணரை மணி நேரம்தான்ணா!"

அண்ணா முகம் மலர்ந்துச்சே, அதை இன்னிக்கும் மறக்க முடியல. உடனே அவங்க அம்மாவுக்குப் போன் போட்டார். அவர் பேசினதுல எனக்குப் புரிஞ்சது 'பிளேன்'ங்கற ஒரே ஒரு வார்த்தை. 'நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன்'னு சொல்லியிருக்கார்னு பின்னாடிதான் தெரிஞ்சது. நான் கொடுத்த நம்பரை வெச்சு அவர் கொடுத்த வாக்கு அது.

ஆப் சொன்ன கணக்கு

அதுக்கப்புறம்தான் டிக்கெட் ஆப்பையே திறந்தேன். (வரிசையைக் கவனிச்சீங்களா? முதல்ல வாக்கு, பிறகுதான் டிக்கெட்!)

கோவை டு திப்ருகர் நேரடி விமானம் கிடையாது. ஒரு இடத்துல மாறுற மாதிரிகூட அடுத்த நாளைக்கு எதுவும் கிடைக்கல. இருந்ததுலயே சீக்கிரமா போய்ச் சேர்ற வழி: கோவையிலேருந்து பெங்களூரு, அங்கேருந்து கொல்கத்தா. கொல்கத்தாவுக்குப் போய் இறங்கறப்போ அன்னிக்கு திப்ருகர் விமானம் கிளம்பிப் போயிருக்கும். ராத்திரி அங்கேயே கிடந்து, மறுநாள் காலையில அடுத்த விமானம்.

விலை பதினேழாயிரத்துச் சொச்சம். அண்ணாவுக்கு அது மூணு வாரச் சம்பளம்.

"ரயில்லயே போறேன் தம்பி"ன்னார். அப்பாதான் விடல. ஓனருக்குப் போன் போட்டு அட்வான்ஸ் கேட்டார். கம்பெனியில கூட வேலை பார்க்கற ஆளுங்க ராத்திரியோட ராத்திரியா நூறும் இருநூறுமா சேர்த்துக் கொடுத்தாங்க. செக்கிங்ல இருக்கற ஒரு அக்கா சீட்டுப் பணத்துலேருந்து ஆயிரம் ரூபாய் எடுத்துட்டு வந்தாங்க.

டிக்கெட் போட உக்காந்தா, பேர் கேக்குது ஆப். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தேன். ஆறு வருஷமா அவர் வீட்டுக் குழம்பைச் சாப்பிட்டிருக்கேன். அவர் முழுப் பேரை அன்னிக்குத்தான் முதல் தடவையாப் படிச்சேன். எழுத்துக் கூட்டித்தான் படிச்சேன். (அந்தப் பேரை இங்கே போட வேணாம்னு கேட்டுக்கிட்டார். அதனால, இந்தப் பக்கத்துல மட்டும் அவர் இன்னும் அஸ்ஸாம் அண்ணாதான்.)

முப்பத்துமூணரை

புதன்கிழமை காலையில நாலு மணிக்கு வீட்டுலேருந்து கார் கிளம்பிச்சு. அண்ணாவுக்கு முதல் விமானப் பயணம். பீளமேட்டுல செக்கிங் பண்ணும்போது அவர் பேன்ட் பாக்கெட்லேருந்து ஒரு டிரிம்மர் வந்துச்சு. அதாங்க, நூல் வெட்டற குட்டிக் கத்தரி. வேலை முடிஞ்சு வந்த அதே பேன்ட்டோட கிளம்பியிருக்கார். அதை எடுத்து வெச்சுக்கிட்டாங்க. "தம்பி, டிரிம்மர் போச்சு"ன்னுதான் முதல் மெசேஜ் வந்துச்சு.

7.10-க்கு விமானம். பெங்களூருல நாலு மணி நேரத்துக்கு மேல காத்திருப்பு. சாயங்காலம் மூணரைக்குக் கொல்கத்தா. அங்கே பத்தொன்பது மணி நேரத்துக்கு மேல, பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தபடியே. வெளியில போய் ரூம் எடுத்தா காசு, அதுவுமில்லாம திரும்பி உள்ளே விடுவாங்களோ மாட்டாங்களோன்னு பயம். வியாழக்கிழமை 10.50-க்கு விமானம், 12.30-க்கு மோகன்பாரி. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனப்போ மணி ஒன்றரை.

வீட்டு வாசல்லேருந்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் முப்பத்துமூணரை மணி நேரம். நான் சொன்னது மூணரை. முன்னால ஒரு 'முப்பது' விட்டுப் போச்சு, அவ்வளவுதான்!

அவங்க அம்மா புதன்கிழமை மத்தியானத்துலேருந்தே வாசலைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்காங்க. 'நாளைக்குத்தான் வர முடியும்'னு அண்ணா கொல்கத்தாவுலேருந்து போன் பண்ணிச் சொன்னார். அப்படியும் அவங்க நகரலையாம்.

வழி சுத்து இல்ல மக்களே!

குற்ற உணர்ச்சியில அந்த வார இறுதி முழுக்க இதையேதான் குடைஞ்சுக்கிட்டு இருந்தேன். 'ரெண்டு இடத்துல மாறிப் போனதால வழி சுத்து, அதான் இவ்வளவு நேரம்'னு முதல்ல நினைச்சேன். கணக்குப் போட்டுப் பார்த்தா ஷாக்!

கோவை - பெங்களூரு சுமார் 252 கிலோமீட்டர். பெங்களூரு - கொல்கத்தா 1,548. கொல்கத்தா - திப்ருகர் 852. கூட்டினா 2,652. நேர்க்கோட்டுத் தூரம் 2,621. வித்தியாசம் வெறும் முப்பது கிலோமீட்டர் சொச்சம். திருப்பூர்லேருந்து பல்லடம் போயிட்டுத் திரும்பற தூரம்! மேப்ல கோடு போட்டா, ஆந்திரா, ஒடிசா கரையோரமாப் போய், சுந்தரவனக் காட்டுப் பக்கமா வங்கதேசத்துக்கு மேல நுழைஞ்சு, மேகாலயாவைத் தாண்டி அஸ்ஸாம். பெங்களூரும் கொல்கத்தாவும் அந்தக் கோட்டை விட்டு ரொம்பத் தள்ளி இல்ல.

மூணு விமானமும் வானத்துல பறந்த நேரத்தைக் கூட்டினா அஞ்சே கால் மணி. காருக்கும் ஆட்டோவுக்கும் ஒரு ரெண்டு மணி வெச்சுக்கலாம். மிச்சம் இருபத்தாறு மணி நேரம்? வெறும் காத்திருப்பு. சேர்ல. கியூவுல.

இன்னொண்ணும் பாருங்க. சிங்கப்பூர்லேருந்து நியூயார்க் 15,300 கிலோமீட்டர். உலகத்துலயே நீளமான நேரடி விமானப் பயணங்கள்ல ஒண்ணு. நேரம் பதினெட்டு மணிக்குக் கொஞ்சம் கூட. அண்ணாவுக்கு வீட்டுக் கணக்கைக் கழிச்சுட்டு ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் மட்டும் பார்த்தாலே 29 மணி நேரம். கிட்டத்தட்ட ஆறு மடங்கு தூரத்துல இருக்கற நியூயார்க் நமக்குப் பக்கமாம், நம்ம நாட்டுக்குள்ளேயே இருக்கற திப்ருகர் தூரமாம்!

காரணம் ரொம்ப சிம்பிள். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைச்சுக்கங்க. எந்த மூலையிலேருந்து எந்த மூலைக்குப் போகணும்னாலும் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு வந்து மாறணும். விமானமும் அதே மாதிரிதான். சின்ன ஏர்போர்ட்லேருந்து பெரிய ஏர்போர்ட்டுக்குப் போகும், அங்கேருந்து இன்னொரு சின்ன ஏர்போர்ட்டுக்குப் போகும். சின்னதுக்கும் சின்னதுக்கும் நடுவுல கோடு கிடையாது. இதுதான் கம்பெனிகளுக்குக் கட்டுப்படி ஆகுது. 180 சீட்டையும் தினம் தினம் நிரப்பணுமே!

அதுக்காகச் சின்ன ஊர்களை இணைக்க முயற்சியே இல்லன்னு சொல்ல முடியாது. 2016-ல மத்திய அரசு கொண்டுவந்த 'உடான்' திட்டம் இதுக்குத்தான். 2017 ஏப்ரல்ல சிம்லா - டெல்லி விமானத்தோட ஆரம்பிச்சது. நம்ம பக்கத்துச் சேலத்துக்கு 2018 மார்ச்சுல சென்னை விமானம் வந்துச்சு, 2021-ல நின்னுச்சு, 2023 அக்டோபர்ல மறுபடி வந்துச்சு. திப்ருகர் பக்கம் இன்னும் சுவாரஸ்யம். 2022 ஏப்ரல் 12-ந் தேதி, இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரிச்ச 17 சீட் டோர்னியர் விமானம், திப்ருகர்லேருந்து அருணாசலப் பிரதேசத்துப் பாசிகாட்டுக்குப் பறந்துச்சு. நேர்க்கோட்டுல 75 கிலோமீட்டர்கூட வராது.  ரெண்டு சின்ன ஏர்போர்ட்டை நேரா இணைக்க முடியும்ங்கறதுக்கு அதுவே சாட்சி.

அப்ப கோவைக்கும் திப்ருகருக்கும் நடுவுல ஆளே இல்லையா? ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காதர்பேட்டைப் பக்கம் வந்து பாருங்க. ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அஸ்ஸாம்னு பாதி இந்தியா அங்கேதான் நடக்குது. ஆள் ஏராளமா இருக்காங்க. அவங்க பர்ஸுல பதினேழாயிரம் இல்ல, அவ்வளவுதான். டிக்கெட் வாங்க முடியாதவன் எத்தனை பேர் இருந்தாலும் கம்பெனிக் கணக்குல அவன் 'டிமாண்ட்' கிடையாது.

பனியனுக்கு உண்டு பிளேன்!

நான் இந்தக் கணக்கையெல்லாம் அப்பாகிட்டக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசல. அப்புறம் ஒண்ணு சொன்னார்.

"ஏன் கண்ணு, நம்மூர்ல அவசரம்னா பனியனே பிளேன்ல போகுதே!"

திருப்பூர்ப் பசங்களுக்கு 'ஏர் ஷிப்மென்ட்'னா என்னன்னு தெரியும். தெரியாதவங்களுக்கு: நம்ம சரக்கு வழக்கமா லாரியில தூத்துக்குடி போய், கப்பல் ஏறும். ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர வாரக்கணக்கு ஆகும். 2023 கடைசியில செங்கடல்ல கப்பல்களைத் தாக்க ஆரம்பிச்சதும், நிறைய கப்பல்கள் சூயஸ் கால்வாயை விட்டுட்டு ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுத்திப் போச்சு. அதுல பத்துலேருந்து பதினாலு நாள் கூடுதலாச்சு. சாயம் லேட்டு, நிட்டிங் லேட்டு, மழை, கரன்ட்... ஏதோ ஒண்ணுல தேதி தவறிட்டா பையர் ஒரே வார்த்தைதான் சொல்வார்: 'ஏர்ல அனுப்பு.' செலவு கம்பெனி தலையில. அந்த ஆர்டர்ல வந்த லாபம் மொத்தமும் அந்த விமானத்துலயே ஏறிப் போயிடும். இருந்தாலும் அனுப்புவாங்க. கடை அலமாரி காலியா இருக்கக் கூடாதே, அடுத்த ஆர்டர் போயிடக் கூடாதே!

தப்புன்னு சொல்லல. அது தொழில். அதுலதான் எங்க வீட்டு அடுப்பும் எரியுது. ஆனா ஒரு டி-ஷர்ட் ஒரு வாரம் லேட்டானா அதுக்கு விமானம் இருக்கு. அந்த டி-ஷர்ட்டுக்கு ஓவர்லாக் அடிச்ச மனுஷனுக்கு, அப்பாவைக் கடைசியாப் பார்க்கறதுக்கு இருக்கறது ரயில்தான்.

மூணு பகல், ரெண்டு ராத்திரி

அந்த ரயில் பத்தியும் சொல்லிடறேன். விவேக் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரிக்கும் திப்ருகருக்கும் நடுவுல 2011 நவம்பர்லேருந்து ஓடுது. விவேகானந்தரோட 150-வது பிறந்த ஆண்டை ஒட்டி விட்டது. மொத்தம் 4,200 கிலோமீட்டரை ஒட்டிய தூரம், முழுசாப் போக சுமார் 75 மணி நேரம். இந்தியாவுலயே நீளமான ரயில் பயணம் இதுதான். கோவை, ஈரோடு வழியாத்தான் போகுது. அதாவது, நம்ம திருப்பூர்த் தண்டவாளத்து மேலதான்!

விமானக் கோடு வங்கதேசத்து மேல நேராப் போயிடும். ரயிலால முடியாது. வங்கதேசத்தைச் சுத்திக்கிட்டு, மேற்கு வங்கத்துல சிலிகுரி பக்கம் இருக்கற 'கோழிக் கழுத்து' வழியா நுழையணும். ரொம்பக் குறுகலான இடத்துல அது 22 கிலோமீட்டர் அகலம்தான். ஒரு பக்கம் நேபாளம், இன்னொரு பக்கம் வங்கதேசம்.

அண்ணா புதன்கிழமை விடியக்காலம் கோவையில அந்த ரயிலைப் பிடிச்சிருந்தா, லேட்டே இல்லாம ஓடியிருந்தாலும், வெள்ளிக்கிழமை ராத்திரிதான் திப்ருகர். மூணு பகல், ரெண்டு ராத்திரி.

அந்த முப்பத்தெட்டரை மணி நேரம்

அவங்க அப்பா சனிக்கிழமை விடியக்காலம் நாலு மணிக்குப் போயிட்டார்.

வியாழன் மதியம் ஒன்றரைலேருந்து சனி காலை நாலு வரைக்கும் முப்பத்தெட்டரை மணி நேரம். அதுல முதல் நாள் அவருக்கு நினைவு இருந்திருக்கு. மகன் கையைப் புடிச்சுக்கிட்டு, "சாப்பிட்டியா?"ன்னு கேட்டாராம். நம்ம அண்ணாவுக்கு அந்தக் கேள்வி எங்கேருந்து வந்துச்சுன்னு எனக்கு அப்பத்தான் புரிஞ்சது.

அவங்க கிராமம் பிரம்மபுத்திராவுக்கு அந்தக் கரையில, தேமாஜி மாவட்டத்துல. அப்பாவை போகிபீல் பாலம் வழியாத்தான் வீட்டுக்குக் கொண்டு போனாங்க. கிட்டத்தட்ட அஞ்சு கிலோமீட்டர் நீளம். மேல ரோடு, கீழே ரயில் தண்டவாளம். 2002-ல வேலை ஆரம்பிச்சு, 2018 டிசம்பர் 25-ந் தேதி திறந்த பாலம். அதுக்கு முன்னாடி அந்த இடத்துல ஆத்தைக் கடக்கப் படகுதான். 'பாலம் இருந்ததால மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிட்டோம் தம்பி'ன்னு மெசேஜ் பண்ணியிருந்தார். இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் நடுவுல யாரோ சில இன்ஜினீயர்கள் உருப்படியா ஒரு வேலை பண்ணி வெச்சிருக்காங்க.

ஒரு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தார். இந்தத் தடவை விவேக் எக்ஸ்பிரஸ்தான். கையில ஒரு டீத்தூள் பாக்கெட்டு, எங்கம்மாவுக்கு. அட்வான்ஸ் பணம் வாரா வாரம் சம்பளத்துல கழியுது. செக்கிங் அக்காவோட ஆயிரத்தை முதல் வாரமே கொடுத்துட்டார்.

நான் அவர்கிட்ட, "தப்பாச் சொல்லிட்டேன்ணா, மன்னிச்சிருங்க"ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டுச் சொன்னார்.

"நீ முப்பத்துமூணுன்னு சொல்லியிருந்தா, நான் ரயில்லயே போயிருப்பேன் தம்பி."

அதுக்காக என் தப்பு சரியாயிடுமா? ஆகாது. அந்த அம்மா நின்ன ஒரு நாள் நின்னதுதான். 'எவ்ளோ நேரம்?'னு அவர் கேட்டப்போ, நான் 'எவ்ளோ தூரம்?'ங்கற கேள்விக்குப் பதில் சொல்லிட்டேன். ரெண்டும் வேற வேற கேள்வி. எந்த வாசல்லேருந்து எந்த வாசலுக்கு, எந்தக் கிழமை, கையில எவ்வளவு இருக்கறவருக்கு... இதையெல்லாம் கேக்காம நேரம் சொல்லவே முடியாது. நாலு வருஷப் படிப்புல இதை எந்த செமஸ்டர்ல வெச்சிருக்காங்கன்னு தேடிக்கிட்டு இருக்கேன். எங்கேயும் காணோம்.

ஆங்... அந்த நாலரை மணி மேட்டர்! நமக்கும் திப்ருகருக்கும் 18 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசம். ஒரு டிகிரிக்கு 4 நிமிஷம். ஆக, 72 நிமிஷம். நமக்கும் அவங்களுக்கும் கடிகாரம் ஒண்ணு, சூரியன் வேற. ஜூன் மாசம் அங்கே நாலே கால் வாக்குல சூரியன் வந்துடும். அஸ்ஸாம் டீ எஸ்டேட்டுகள்ல 'பாகான் டைம்'னு இந்திய நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால கடிகாரத்தைத் திருப்பி வெச்சுக்கற வழக்கமே இருக்கு. ஆறு வருஷம் நம்ம ஊர்ல இருந்தும் அண்ணாவோட உடம்பு இன்னும் அவங்க ஊர் சூரியனுக்குத்தான் முழிச்சுக்குது.

இந்த வார ஹோம்வொர்க்: உங்க தெருவுலயோ, ஹாஸ்டல் மெஸ்லயோ, பக்கத்துக் கம்பெனியிலயோ இருக்கற ஒரு வெளியூர் அண்ணன்கிட்டயோ அக்காகிட்டயோ போய்ப் பேர் கேளுங்க. முழுப் பேர். அப்புறம் ஊர் பேர். அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்னு அவங்களையே கேளுங்க, மேப்பைப் பார்க்காதீங்க. எத்தனை ராத்திரின்னு அவங்க கரெக்டா சொல்லுவாங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம். நான் இன்னும் ரெண்டு ரெக்கார்டு எழுதணும். வர்ட்டா!